ஓடாமல் நின்ற நீல முள்ளெலி

1996-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயம். அமெரிக்க நகரங்களில் விளையாட்டுச் சாமான் கடைகள் விளக்கு வெளிச்சத்தில் ஜொலித்தன. பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு பெற்றோர் கடை கடையாக ஏறி இறங்கினார்கள்.

அந்த ஆண்டு ஒரு வீடியோ ஆட்டத்துக்காகக் காத்திருந்த சிறுவர்கள் ஏராளம். அதன் படங்கள் பத்திரிகைகளில் வந்திருந்தன. மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடந்த பெரிய கண்காட்சியில் அதன் காட்சிகளும் காட்டப்பட்டிருந்தன. ஆட்டத்தின் பெயர் 'சோனிக் எக்ஸ்-ட்ரீம்'.

கடைகளில் அது இல்லை. அந்தக் கிறிஸ்துமசுக்கு வரவில்லை. அடுத்த கிறிஸ்துமசுக்கும் வரவில்லை. என்றைக்குமே வரவில்லை!

திறமை இல்லாததால் அது நின்றுபோகவில்லை. பணம் இல்லாததாலும் அல்ல. அதைச் செய்தவர்கள் ஒரு நாளைக்கு 16 மணி முதல் 20 மணி நேரம் வரை உழைத்தார்கள். ஒருவர் நிமோனியாவில் விழுந்தார். இன்னொருவருக்கு டாக்டர்கள் நாள் குறித்துவிட்டார்கள். அப்படியும் அந்த வேலை முடியவில்லை. ஏன்?

யார் இந்தச் சோனிக்?

சோனிக் என்பது ஒரு முள்ளெலி. நெல்லைச் சீமையின் வறண்ட காடுகளில் இருக்கிறதே, தொட்டால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் முள்ளெலி, அதே இனம்தான். ஆனால் இது நீல நிறம். காலில் சிவப்புச் சப்பாத்து. நிற்கத் தெரியாது, ஓடத்தான் தெரியும். பந்தாகச் சுருண்டு உருண்டு எதிரிகளை முட்டித் தள்ளும்.

ஜப்பானின் 'சேகா' கம்பெனி 1991-ல் இதைப் படைத்தது. கம்ப்யூட்டர் நிரலை எழுதியவர் யூஜி நாகா. உருவத்தை வரைந்தவர் நவோத்தோ ஓஷிமா. ஓடும் பாதைகளை அமைத்தவர் ஹிரோகசு யசுஹாரா. டி.வி. பெட்டியில் இணைத்து ஆடும் ஆட்டம் அது. மேடு, பள்ளம், பாலம், தொங்கும் மேடை என்று தாவித் தாவிக் கடக்க வேண்டும். இத்தகைய ஆட்டங்களை 'பிளாட்பாரம்' ஆட்டங்கள் என்பார்கள்.

அந்தத் துறையில் அதுவரை முடிசூடா மன்னனாக இருந்தது 'நிண்டெண்டோ' கம்பெனியின் மீசைக்கார மரியோ. மரியோவுக்கு நேர் எதிராகச் சேகா நிறுத்திய வீரன்தான் சோனிக். வேகம்தான் அதன் ஆயுதம். வந்த வேகத்தில் உலகமெங்கும் பிள்ளைகளின் மனத்தைக் கவர்ந்துவிட்டது.

இரண்டாவது சோனிக் ஆட்டம் 1992-ல் வந்தது. அது உருவானது ஜப்பானில் அல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில். அங்கே 'சேகா டெக்னிக்கல் இன்ஸ்டிடியூட்' என்ற கிளை இருந்தது. நாகாவே ஜப்பானில் இருந்து வந்து அங்கே வேலை பார்த்தார். ஜப்பானியர்களும் அமெரிக்கர்களும் ஒரே கூரையின் கீழ் உழைத்தார்கள். 1994-க்குப் பிறகு நாகா தாயகம் திரும்பிவிட்டார். அடுத்த சோனிக் ஆட்டத்தைச் செய்யும் பொறுப்பு அமெரிக்கக் கிளையில் இருந்தவர்களிடம் வந்தது.

மீன் கண் வழியே ஓர் உலகம்

அதுவரை சோனிக் ஓடியதெல்லாம் தட்டையான உலகத்தில். இடமிருந்து வலமாக ஓடும்; மேலே தாவும்; கீழே விழும். நீளமும் உயரமும் உண்டு, ஆழம் கிடையாது. புதிய ஆட்டத்தில் முள்ளெலி எல்லாத் திசையிலும் ஓட வேண்டும். முப்பரிமாண உலகம் வேண்டும்.

இங்கேதான் சிக்கல் வந்தது. பிளாட்பாரத்தில் நின்று ரெயிலைப் பார்ப்பவனுக்கு, வண்டிக்கு முன்னால் என்ன இருக்கிறது, பின்னால் என்ன இருக்கிறது என்று இரண்டும் தெரியும். என்ஜினுக்குள் இருப்பவனுக்கு வளைவுக்கு அப்பால் இருப்பது தெரியாது. தட்டையான ஆட்டத்தில் ஆடுபவன் பிளாட்பாரத்தில் நிற்கிறான். முப்பரிமாண ஆட்டத்தில் அவன் என்ஜினில் ஏறிவிடுகிறான். மெதுவாக நடக்கும் மரியோவுக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை. தலைதெறிக்க ஓடும் சோனிக்குக்கோ, பள்ளம் கண்ணில் படுமுன்பே அதில் விழுந்திருப்பான்!

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பெருநகரங்களின் அடுக்குமாடி வீட்டுக் கதவுகளில் ஒரு சிறு கண்ணாடி பதித்திருப்பார்கள். அதில் கண் வைத்துப் பார்த்தால், வாசலில் நிற்பவர் மட்டுமல்ல, நடை முழுவதும், மாடிப்படி வரைக்கும் வளைந்து தெரியும். மீனின் கண்போல அகலமாகப் பார்க்கும் கண்ணாடி அது. சோனிக் எக்ஸ்-ட்ரீம் ஆட்டத்தில் உலகத்தையே அப்படிப்பட்ட கண்ணாடி வழியாகக் காட்டினார்கள். நடுவில் சோனிக் பெரிதாகத் தெரிவான். அவனைச் சுற்றி நாலா பக்கமும் உலகம் ஒரு கிண்ணம்போல வளைந்து தெரியும். முன்னால் என்ன வருகிறது என்பதும் தெரியும். பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதும் தெரியும்.

இன்னொரு புதுமையும் உண்டு. சோனிக் சுவரில் ஏறி ஓடினால், உலகமே சுழன்று அந்தச் சுவர் தரையாகிவிடும். மறுபடி ஏறினால் கூரை தரையாகிவிடும். பூமியின் இழுப்பு எந்தப் பக்கம் என்பதை முள்ளெலியின் கால்தான் தீர்மானிக்கும்!

பார்ப்பதற்கும் அது அழகு. பச்சைக் கட்டங்கள் பதித்த 'ஜேட் கல்லி' பள்ளத்தாக்கு, 'ரெட் சாண்ட்ஸ்' என்னும் செம்மணல் பூமி, 'கிறிஸ்டல் பிராஸ்ட்' என்னும் பனி உலகம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒரு குணம். கதையும் வைத்திருந்தார்கள். மந்திர வளையங்கள் ஆறு. அவற்றைக் காத்துவருபவர்கள் ஒரு பேராசிரியரும் அவருடைய மகள் டியாராவும். வளையங்களைக் கவரப் பார்க்கும் வில்லன் டாக்டர் ரோபாட்னிக். தடுக்க ஓடுகிறான் சோனிக்.

வடிவமைப்பைக் கவனித்தவர் கிறிஸ் சென் என்ற இளைஞர். நிரல் எழுதியவர் ஓபர் அலோன். இந்த இருவரும் சேர்ந்து வளர்த்த குழந்தை அது.

ஒரே வீட்டுக்கு மூன்று அஸ்திவாரம்

ஆட்டத்தை முதலில் 'ஜெனசிஸ்' என்ற சேகாவின் பழைய கருவிக்காக யோசித்தார்கள். அதற்குள், ஜெனசிஸ் மேல் பொருத்தும் '32 எக்ஸ்' என்ற துணைக்கருவியை 1994 இறுதியில் சேகா விற்பனைக்குக் கொண்டுவந்தது. திட்டம் அதற்கு மாறியது. அந்தத் துணைக்கருவி விலை போகவில்லை. பிறகு 'சாட்டர்ன்' என்ற புத்தம்புதிய கருவிக்குத் திட்டம் மாறியது.

ஒரே வீட்டுக்கு மூன்று முறை அஸ்திவாரம் தோண்டிய கதை! ஒவ்வொரு முறையும் முன்பு செய்த வேலையில் பெரும் பகுதி வீணானது. திட்டத்தைத் தொடங்கி நடத்திய மைக்கேல் கோசாகா 1995-ல் விலகிப் போனார். தயாரிப்புப் பொறுப்பு பிறகு மைக் வாலிசிடம் வந்தது.

சாட்டர்ன் கருவியும் எளிதில் வசப்படும் குதிரை அல்ல. அதற்குள் மூளை போன்ற முக்கியச் சில்லுகள் இரண்டு. படம் வரையும் சில்லுகள் வேறு இரண்டு. எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று இடிக்காமல் வேலை வாங்க வேண்டும். மற்றக் கருவிகள் முப்பரிமாண உருவங்களை முக்கோணங்களால் கட்டின. சாட்டர்ன் நாற்கோணங்களால் கட்டியது. மற்ற இடத்தில் கற்ற வித்தை இங்கே அப்படியே பலிக்காது.

சென்னும் அலோனும் தங்கள் ஆட்டத்தைச் சாதாரணக் கம்ப்யூட்டரில் வளர்த்தார்கள். அங்கே அது நன்றாக ஓடியது. அதைச் சாட்டர்னுக்கு மாற்றியபோது மூச்சு வாங்கியது. ஆமை வேகத்தில் நகர்ந்தது. அதே சமயம், ஆட்டத்தின் கட்ட இறுதியில் வரும் பெரிய எதிரிகளுடன் மோதும் பகுதியைக் கிறிஸ்டினா காபின் என்ற நிரலாளர் தனியாக, நேரடியாகச் சாட்டர்னிலேயே எழுதிக்கொண்டிருந்தார். அது நன்றாக ஓடியது.

ஆக, ஒரே ஆட்டத்தை இரண்டு கூட்டம் இரண்டு விதமாகச் செய்தது. ஒரு வண்டிக்கு இரண்டு மாடு இருக்கலாம். இரண்டும் ஒரே பக்கம் இழுக்க வேண்டாமா?

மேலிடத்து விஜயம்

தலைமை அலுவலகத்தில் இருந்து பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் கிளை அலுவலகம் என்ன பாடு படும் என்பதைக் குமாஸ்தா வேலை பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எந்தக் கோப்பு மேஜைமேல் இருக்கிறதோ அதைத்தான் அவர்கள் பார்ப்பார்கள். பீரோவுக்குள் இருக்கும் நல்ல கோப்பு கணக்கில் வராது.

1996 மார்ச் மாதம் அதுதான் நடந்தது. சேகாவின் தலைவர் ஹயாவோ நகயாமா உள்ளிட்ட ஜப்பானிய அதிகாரிகள் அமெரிக்கக் கிளைக்கு வந்தார்கள். சென்-அலோன் ஆட்டத்தின் பழைய வடிவம் ஒன்று அவர்கள் கண்ணில் பட்டது. அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அடுத்து, காபின் எழுதிய மோதல் பகுதியைப் பார்த்தார்கள். பிடித்துப்போனது. 'முழு ஆட்டத்தையும் இந்த முறையிலேயே செய்யுங்கள்' என்பது உத்தரவு.

சென்னும் அலோனும் திருத்திய புதிய வடிவத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். அதற்குள் தலைவர் புறப்பட்டுப் போய்விட்டார்.

சில நிமிட நேரம்! பல மாத உழைப்பை அது தள்ளிவைத்தது. இருவரும் மனம் தளராமல், கம்ப்யூட்டரில் ஆடும் தனி ஆட்டமாக அதை முடித்துக் காட்டுகிறோம் என்று கேட்டுப் பார்த்தார்கள். அந்த யோசனையும் ஏற்கப்படவில்லை. அலோன் கம்பெனியை விட்டே விலகினார்.

வீணான இரண்டு வாரம்

இப்போது பாரம் முழுவதும் காபின் தலையில். கிறிஸ்துமசுக்குள் ஆட்டம் கடைக்கு வந்தாக வேண்டும். மிச்சம் இருப்பதோ சில மாதம். அலுவலக அரசியல் எட்டாத தனி இடத்துக்கு அந்தக் குழு மாற்றப்பட்டது. இரவு பகல் தெரியாத உழைப்பு தொடங்கியது.

நேரத்தை மிச்சப்படுத்த ஒரு வழி தென்பட்டது. ஜப்பானில் நாகாவின் குழு 'நைட்ஸ்' என்ற அழகான முப்பரிமாண ஆட்டத்தைச் சாட்டர்னுக்காகவே செய்துகொண்டிருந்தது. அந்தக் குழு தனக்காக எழுதிவைத்திருந்த அடிப்படை நிரலைக் கடன் வாங்கினால் என்ன? ஏற்பாடு நடந்தது. நிரல் வந்தது. அதைப் படித்துப் புரிந்துகொண்டு வேலையைத் தொடங்கினார்கள்.

இரண்டு வாரம் ஆயிற்று. திடீரென்று, அதைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவு வந்தது. தன்னைக் கேட்காமல் தன் நிரல் போய்விட்டது என்று அறிந்த நாகா, கம்பெனியை விட்டே போய்விடுவதாக எச்சரித்தார் என்று வாலிஸ் உள்ளிட்டவர்கள் பின்னாளில் சொன்னார்கள். இரண்டு வார வேலை குப்பைக்குப் போயிற்று.

இதில் யாரைக் குறை சொல்வது? தன் வியர்வையில் விளைந்ததைத் தன்னைக் கேட்காமல் எடுத்தால் யாருக்கும் கோபம் வரும். மறுபக்கம், ஒரே கம்பெனி, ஒரே முள்ளெலி. உதவி கேட்டதிலும் தவறு இல்லை. முன்பு ஒரே கூரையின் கீழ் இருந்தபோது பக்கத்து மேஜையில் பேசித் தீர்த்திருக்கக்கூடிய சங்கதி இது. நடுவில் பசிபிக் சமுத்திரம் வந்துவிட்டதே!

உடம்பு விட்ட வேலை

1996 ஆகஸ்டு மாதம் காபின் நிமோனியாவில் படுத்தார். ஏறக்குறைய அதே சமயம் சென்னும் கடுமையாக நோயுற்றார். இன்னும் 6 மாதம்தான் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. (நல்ல வேளையாக அவர் பிழைத்துக்கொண்டார்.)

குறித்த தேதிக்கு இரண்டு மாதம்தான் மிச்சம். முக்கியமான இருவரும் படுக்கையில். காபின் இல்லாமல் ஆட்டத்தைக் குறித்த நாளில் முடிப்பது நடக்காத காரியம் என்பது வாலிசுக்குத் தெரியும். அவர் கையை விரித்தார். திட்டம் கைவிடப்பட்டது.

ஒரு பொம்மை விளையாட்டுக்காகவா இவ்வளவு பாடு என்று கேட்கலாம். ஆடுகிறவனுக்குத்தான் அது விளையாட்டு. செய்கிறவனுக்கு அது வேலை. நெசவாளிக்குப் புடவை எப்படியோ, அச்சுக் கோப்பவனுக்குப் புத்தகம் எப்படியோ, அப்படித்தான் நிரல் எழுதுகிறவனுக்கு ஆட்டம். தேதியைக் குறிப்பவர் ஒருவர். உடம்பைக் கொடுப்பவர் இன்னொருவர்.

கடை அலமாரியில் நடந்தது

கிறிஸ்துமசுக்குச் சோனிக் பெயரில் ஏதாவது ஒன்று வேண்டுமே! பிரிட்டனில் இருந்த வேறொரு கம்பெனி பழைய ஜெனசிசுக்காகச் செய்திருந்த 'சோனிக் 3டி பிளாஸ்ட்' என்ற ஆட்டத்தை அவசரமாகச் சாட்டர்னுக்கு மாற்றி விற்றார்கள். மோசமான ஆட்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் எதிர்பார்த்த முப்பரிமாண ஓட்டம் அதில் இல்லை.

எதிராளிகள் சும்மா இருக்கவில்லை. அதே ஆண்டு நிண்டெண்டோவின் புதிய கருவியுடன் 'சூப்பர் மரியோ 64' வந்து உலகத்தையே வியக்கவைத்தது. சோனி கம்பெனி தன் 'பிளேஸ்டேஷன்' கருவிக்கு 'கிராஷ் பாண்டிகூட்' என்ற குறும்புக்கார விலங்கை இறக்கியது. (சோனி வேறு, சோனிக் வேறு, பெயர்தான் ஒன்றுபோல் ஒலிக்கிறது!) மரியோ ஓடினான், கிராஷ் ஓடியது. வேகத்துக்கே பெயர் பெற்ற சோனிக் மட்டும் களத்தில் இல்லை.

சாட்டர்ன் தோற்றது. உலகம் முழுவதிலும் அது ஒரு கோடிகூட விற்கவில்லை. பிளேஸ்டேஷன் 10 கோடியைத் தாண்டியது. சோனிக் முழுமையான முப்பரிமாண உலகில் ஓடியது 1998 டிசம்பரில்தான். அது 'டிரீம்காஸ்ட்' என்ற அடுத்த கருவியில் வந்த 'சோனிக் அட்வென்சர்'. நாகாவின் குழு செய்தது. அதுவும் கருவியைக் காப்பாற்றவில்லை. 2001-ல் சேகா ஆட்டக் கருவிகள் செய்வதையே நிறுத்திக்கொண்டது.

எக்ஸ்-ட்ரீம் வந்திருந்தால் சாட்டர்ன் பிழைத்திருக்குமா? அப்படி அடித்துச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் சாட்டர்ன் 399 டாலருக்கு வந்தது. பிளேஸ்டேஷன் 299 டாலர். அந்த 100 டாலரை ஒரு முள்ளெலியால் ஈடு கட்ட முடியுமா? மேலும், மீன் கண் காட்சியில் உலகம் ஓயாமல் வளைந்து சுழல்வது சிலருக்குத் தலைசுற்றலைத் தந்திருக்கவும் கூடும். முடியாமல் நின்ற வேலையில் குறை தெரிவதில்லை. வராத மாப்பிள்ளை எப்போதும் அழகன்தான்!

ஆனாலும் ஒன்று நிச்சயம். வேகமாக ஓடுகிற ஒருவனை முப்பரிமாண உலகில் எப்படிக் காட்டுவது என்ற கேள்விக்கு அந்த இளைஞர்கள் சொந்தமாக ஒரு விடை வைத்திருந்தார்கள். அது சரியா, தவறா என்று மக்கள் ஆடிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வாய்ப்பே வரவில்லை. 2007-ல் நிண்டெண்டோவின் 'சூப்பர் மரியோ கேலக்சி' வந்தது. அதில் மரியோ சிறு சிறு கிரகங்களைச் சுற்றித் தலைகீழாக ஓடினான். காலுக்கு அடியில் இருப்பதே தரை என்ற அந்த எண்ணத்துக்கு உலகமே கை தட்டியது.

விதை விழுந்த இடம்

கம்பெனியை விட்டுப் போன ஓபர் அலோன் என்ன ஆனார்? 1997-ல் 'பிக்சாலஜிக்' என்ற கம்பெனியைக் கூட்டாளியுடன் தொடங்கினார். கம்ப்யூட்டர் திரையில் களிமண் பிசைவதுபோல முப்பரிமாண உருவங்களைச் செதுக்கும் 'இசட்பிரஷ்' என்ற மென்பொருளை உருவாக்கினார். இன்று ஹாலிவுட் படங்களில் வரும் பூதங்களும் விசித்திர விலங்குகளும் அதில்தான் பெரும்பாலும் செதுக்கப்படுகின்றன. 2014-ல் ஆஸ்கார் பரிசு வழங்கும் அகாடமி, தன் அறிவியல் தொழில்நுட்பப் பிரிவு விருதை அவருக்கு அளித்தது. அந்தக் கைகள் செய்த ஆட்டத்தைத்தான் ஒரு பெரிய கம்பெனி வேண்டாம் என்றது!

கிறிஸ் சென் உடல் தேறினார். தம்மிடம் இருந்த படங்களையும் குறிப்புகளையும் பிற்காலத்தில் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார். ரசிகர்கள் அவற்றை விடவில்லை. ஆட்டத்தின் ஆரம்பகாலச் சோதனை வட்டு ஒன்றை ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு விலைக்கு வாங்கி, 2007-ல் பொதுவில் வைத்தார்கள். 2015-ல் ரசிகர் ஒருவர் பழைய மூல நிரலைத் தேடிப் பிடித்து, தூசு தட்டி, இன்றைய கம்ப்யூட்டரில் ஓடும்படி செய்துகாட்டினார். கூலி இல்லை. குறித்த தேதி இல்லை. மேலிடத்து உத்தரவும் இல்லை.

அதில் கதை கிடையாது. முடிவும் கிடையாது. பச்சைக் கட்டங்கள் பதித்த தரையில் நீல முள்ளெலி ஓடுகிறது. சுவரில் ஏறுகிறது. உலகம் சுழல, சுவர் தரையாகிறது.

1996 மார்ச்சில், சேகா தலைவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் பார்த்திருப்பார்.